உன் காலுக்குப் பதிலாக ஒரு கால்

தம்பிக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் எப்படிச் சொல்வது? உன் பெயர் திரையில் வந்ததுமே உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நான் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பது வருஷம் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராக இருந்தவன் நான். மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று நோட்டில் எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதனால் முன்னே பின்னே இருக்கும். பொறுமையாகப் படி. படித்து முடிக்கிற வரைக்கும் எனக்குப் போன் செய்யாதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப வில்லியனூர் வந்து விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றோம் இல்லையா, அப்போது நீ சொன்னாய்: "அடுத்த வாரம் வியாழக்கிழமை கார் எடுத்துக்கினு வர்றேன்பா. அம்மாவ கோயம்புத்தூருக்கே இட்டுக்கினு போயிடுறேன். உன்னால பாத்துக்க முடியலப்பா. அவ்ளோதான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாய். நான் "சரிப்பா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாய். நான் கரிக்கலாம்பாக்கம் திரும்பி வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். என் பெண்டாட்டியை என்னால் பார்த்துக்கொள்ள முடியாதாம், இவன் பார்த்துக்கொள்வானாம் என்று. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு வந்தது கோபம் இல்லை. பொறாமை. அதுவும் புதிதாக வந்தது இல்லை. உன் வயது என்னவோ அதே வயதுதான் அதற்கும்.

நீ காலால் பிறந்தவன். எல்லாப் பிள்ளைக்கும் தலை முதலில் வரும், உனக்குக் கால் முதலில் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா படாத பாடு பட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அதையே ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். முதுகு பிடித்துக்கொண்டால், காலால் பிறந்தவர் இடது காலால் மூன்று தரம் மிதித்தால் விட்டுவிடும் என்பார்கள். நீ நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து தெருவில் யாருக்குப் பிடித்துக்கொண்டாலும் நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். உன் அம்மா உன் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஏதோ நகையைக் கொடுத்தனுப்புகிற மாதிரி உன்னை அனுப்பி வைப்பாள். வருகிறவர்கள் "ஒம் புள்ள காலு தங்கம்டி" என்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு முழுக்க அவள் தரையில் நடக்கமாட்டாள்.

ஒரு தரம் எனக்கே பிடித்துக்கொண்டது. டேங்க் வால்வைத் திருகும்போது. மூன்று நாள் கோணிக்கொண்டு நடந்தேனே தவிர, உன்னை மிதிக்க விடவில்லை. "ஏழு வயசுப் புள்ள, எம்மேல கால் வெக்கிறதா" என்று வெளியில் சொன்னேன். உள்ளே இருந்தது வேறு. உன்னால் எனக்குச் சரியாகிவிட்டால் உன் அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்வாளே என்றுதான். நான்காம் நாள் தாங்க முடியாமல் கவிழ்ந்து படுத்தேன். நீ சிரித்துக்கொண்டே மூன்று தரம் கால் வைத்தாய். அன்று சாயந்திரம் பிடிப்பு விட்டுவிட்டது. நான்காம் நாள் எப்படியும் விட்டிருக்கும். உன் அம்மா கேட்பாளா? "பாத்தீங்களா, எம்புள்ள கால" என்று சிரித்தாள். ஒரு ஏழு வயதுப் பையனின் காலைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னும் இருக்கிறது. மீன் குழம்பில் நடுத்துண்டு உனக்கு, வால் எனக்கு. நீ கோயம்புத்தூர் போன பிறகும் அந்த நடுத்துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து எனக்குப் போடுவாள். தினமும் ஏழு மணிக்கு நீ பேசுவாய். அரை மணி நேரம் பேசுவாள். எதிர்வீட்டு செல்வியின் மகள் நிச்சயதார்த்தம் நின்று போனது, கால்வாயைத் தூர்த்து மனை போட்டது, எல்லாம் உனக்குச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் தெரிந்துகொள்வேன். என்னிடம் அவள் பேசுவது "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "தண்ணி வந்துச்சா" இந்த இரண்டுதான். நான் என்ன பேசினேன் என்று நீ கேட்டால் அதற்கும் பதில் இல்லை. முப்பது வருஷம் மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்தவனுக்குப் பேச்சு எங்கே வரும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். அடுப்பங்கரை மேல் தட்டில் இருக்கிற பெருங்காய டப்பா, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்வாள். "இன்னாங்க, இத்த கொஞ்சம் எடுத்துக் குடுங்க, எட்ட மாட்டேங்குது." முப்பத்தைந்து வருஷமாக அவளே எட்டி எடுத்த தட்டு அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "இன்னாடி குள்ளி" என்று கேலி செய்துகொண்டே எடுத்துக் கொடுப்பேன். அவள் உயரம் குறைகிறது, முதுகெலும்பு உள்ளுக்குள் இறங்கிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் பிறகு கேட்டார், "அம்மா உயரம் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சுதா" என்று. நான் தெரியாது என்று சொன்னேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத விஷயம் வருகிறது. அவளுக்கு முதுகு பிடித்த அன்று காலை கிரைண்டரைக் கழுவிவிட்டுக் குழவியைத் தூக்கி வைத்திருக்கிறாள். முதுகில் சுரீர் என்றிருக்கிறது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்த் தாங்கி, மெதுவாகக் கட்டிலில் உட்கார வைத்தேன். வலியோடுதான் இருந்தாள், ஆனால் உட்கார்ந்தாள், எழுந்தாள், கழிவறைக்குத் தானே போய் வந்தாள். அது வரைக்கும் நீ கேள்விப்பட்ட கதைதான். இரண்டாம் நாள் சாயந்திரம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எம்புள்ள இங்க இருந்தா இன்னேரம் ஒரு மிதி மிதிச்சு எழுப்பி வுட்டிருப்பான்." நான் அவளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கை அவள் முதுகில்தான் இருந்தது. கை என்னுடையது, நினைப்பு உன் காலில்.

உன்னைத் தவிர ஊரில் காலால் பிறந்தவனே இல்லையா என்று நினைத்துக்கொண்டேன். கரியமாணிக்கத்தில் ஏழுமலை இருக்கிறான். லாரியிலிருந்து டைல்ஸ் பெட்டி இறக்குகிறவன். அவனும் காலால் பிறந்தவன் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவனைக் கூட்டி வந்தேன். உன் அம்மா "வேணாங்க, தம்பி வரட்டும்" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. நிலைப்படிக்கு நேராகப் பாய் போட்டுக் கவிழ்த்துப் படுக்க வைத்தேன். ஏழுமலை தயங்கினான். "அண்ணே, அண்ணிக்கு வயசாயிடுச்சு. லேசாத்தான் வெப்பேன்" என்றான். முதல் தரம் லேசாகத்தான் வைத்தான். "இன்னாடி, வுட்டுச்சா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். நான் அவனிடம் சொன்னேன்: "நல்லா அழுத்தி வெய்யிடா. எம்புள்ள மிதிச்சா மாதிரி ஆவணும்." அவன் வைத்தான். உன் அம்மா கத்திய கத்தல் எதிர்வீட்டில் செல்வி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வருகிற அளவுக்கு இருந்தது. அதற்குப் பிறகு அவளால் எழுந்து உட்கார முடியவில்லை.

ஏழுமலையை நீ எங்கேயாவது பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. அவன் அன்று முழுக்க நம் வாசலிலேயே நின்றான். வண்டி பிடித்து வந்தவனும் அவன்தான், அவளைப் பலகையோடு தூக்கி ஏற்றியவனும் அவன்தான். அவன் கால் என் வாய் சொன்னதைத்தான் செய்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். உன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு தாளில் முதுகெலும்பைப் படம் போட்டுக் காட்டினார். ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கின மாதிரி இருந்தது. "மாதவிலக்கு நின்ன பிறகு பல பொம்பளைங்களுக்கு எலும்போட அடர்த்தி கொறைஞ்சு போயிடுதுங்க. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள ரஸ்க்கு மாதிரி ஆயிடும். அம்மாவுக்கு ரெண்டு கட்டை நசுங்கியிருக்கு. கீழ எங்கியாவது வுழுந்தாங்களா?" என்று கேட்டார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்திருந்த உன் அம்மா சொன்னாள்: "ஆமா டாக்டர், பாத்ரூம்ல வழுக்கி உக்காந்துட்டேன்." என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எந்தக் கட்டை குழவியைத் தூக்கியதில் நசுங்கியது, எது மிதித்ததில் நசுங்கியது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அந்தக் கத்தலைக் கேட்டவன், எனக்குச் சொல்லத் தேவையில்லை.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். "மூணு வாரம் படுக்கை, பெல்ட், மாத்திரை. பல பேருக்கு இதுலயே சரியாயிடும். வலி கொறையலன்னா தள்ளிப் போடாம வாங்க. கத்தி வெக்காம, ஊசி வழியாவே எலும்புக்குள்ள சிமெண்ட் வெச்சு நிறுத்திடலாம்." நான் தலையாட்டினேன். மூன்று வாரம் போனது, வலி குறையவில்லை. ஆனால் நீ வருகிற வரைக்கும், ஏழு வாரம், நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏன் என்று நீ அன்று கத்தினாய். "ஏழு வாரமாப்பா? ஏழு வாரம் இப்டியே போட்டு வெச்சிருந்தியா?" என்றாய். உன் அம்மா அதற்கும் குறுக்கே விழுந்தாள். "அவர ஏன்டா சொல்ற, நான்தான் பயந்துக்கினு வரமாட்டேன்னேன்" என்றாள். அதுவும் பொய்தான். பயந்தாள், வாஸ்தவம். பயமுறுத்தினவன் நான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு வாரம் என் வாழ்க்கையில் நல்ல காலம். படித்து அருவருப்பாக இருந்தால் இரு, எனக்கே அப்படித்தான் இருக்கிறது. காலையில் வெந்நீர் வைத்துத் துடைத்துவிடுவேன். சோறு பிசைந்து ஊட்டுவேன். தலை வாரிப் பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பின்னியதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குக் கட்டுற கவுறு மாதிரி இருக்குதுங்க" என்று அந்த வலியிலும் சிரித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தரம் "இன்னாங்க, இன்னாங்க" என்று கூப்பிட்டாள். நான் திண்டிவனத்தில் வேலை பார்த்த காலத்துக் கதை, என் அண்ணனோடு சண்டை போட்ட கதை எல்லாம் கேட்டாள். நானும் சொன்னேன். நீ ஏழு மணிக்குப் பேசினால் இரண்டு நிமிஷத்தில் களைத்துப்போய் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். "நல்லாயிட்டு வர்றாப்பா" என்று நான் உனக்குச் சொல்வேன். அவளுக்குத் திரும்பிப் படுக்கக்கூட முடியாது. எனக்கு ஒன்று மட்டும்தான் தெரிந்தது, இப்போது அவளுக்கு எல்லாம் நான்தான்.

மூன்றாவது வாரம் முடிந்ததும் அவளே கேட்டாள், "டாக்டர் வரச் சொன்னாங்களே" என்று. வண்டி கிடைக்கவில்லை என்றேன். அடுத்த வாரம் கேட்டாள். அப்போதுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். "முதுகுல சிமெண்ட் ஊத்துவாங்களாம்டி. நம்ம டேங்க்ல விரிசல் வுட்டப்ப சிமெண்ட் பூசினாங்களே, ரெண்டே வருஷத்துல பேந்துக்கினு வுழலயா? உள்ள பேந்துச்சின்னா யாரு எடுக்கிறது? அப்பறம் குனியவும் முடியாது, உக்காரவும் முடியாது" என்றேன். எனக்கு அந்த வைத்தியத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அவள் முகம் வெளுத்துப் போனது. "அப்ப வேணாங்க, இப்டியே இருந்துடுறேன்" என்றாள். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டேன்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாயே, கட்டிலில் அவள் கிடந்த கோலத்தைப் பார்த்து வாசலிலேயே பையைப் போட்டாயே, அன்றே தெரியும் எனக்கு, எல்லாம் முடிந்தது என்று. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. மறுபடி ஸ்கேன். புதன்கிழமை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நாம் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதற்கு முன்னால் டாக்டர் உன்னிடம்தான் விளக்கினார், என்னிடம் இல்லை. கவிழ்த்துப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய குழாயை நசுங்கின எலும்புக்குள் விடுவார்களாம். அதன் வழியாக ஒரு சின்ன பலூனை விட்டு ஊதி, நசுங்கினதைக் கொஞ்சம் நிமிர்த்தி, பலூனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பற்பசை மாதிரி கெட்டியான சிமெண்டை வைப்பார்களாம். சில நிமிஷத்தில் இறுகிவிடுமாம். தையல் இல்லை, பிளாஸ்திரி மட்டும். எப்போதாவது சிமெண்ட் கசிந்து பக்கத்தில் நரம்பைத் தொடலாம், அதனால்தான் திரையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம் என்றும் மறைக்காமல் சொன்னார். உன் அம்மா படுக்கையிலிருந்து, "அது பேந்து வுழாதா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். "யாரும்மா உங்களுக்கு இப்டி சொன்னது?" உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "தெருவுல பேசிக்கினாங்க" என்றாள்.

சாயந்திரம் அவளை எழுப்பி நிற்க வைத்தார்கள். நீ கையை நீட்டினாய், உன் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். ஏழு வாரம் கழித்து. நான் அவள் செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். எதிரே வந்த நர்ஸ், துப்புரவு செய்கிற அம்மா, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரிடமும் "எம்புள்ள இட்டுக்கினு வந்தான், நடந்துட்டேன்" என்றாள். என் பெண்டாட்டி நடக்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு உன் மேல் பொறாமை, அந்த டாக்டர் மேல் பொறாமை, ஏன், அந்த இரண்டு துளி சிமெண்ட் மேல்கூடப் பொறாமை. நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து நான் செய்ய முடியாததை அது ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டது. அதுவாவது அவள் கூடவே இருக்கும்.

அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார், உனக்கு நான் சொல்லவில்லை. "வலி போயிடும் ஐயா. ஆனா கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா எலும்பு இன்னும் நல்லா நிமிர்ந்திருக்கும். கொஞ்சம் கூன் இருக்கும், அத ஒண்ணும் செய்ய முடியாது." நீ ஊருக்குப் போவதற்கு முன்னால், "அம்மா ஏன்பா இப்டி வளைஞ்சு நடக்கிறாங்க, வயசாயிடுச்சோ" என்று கேட்டாய். வயது இல்லை. அது நான் வைத்த கூன்.

நீ பஸ் ஏறிப் போன அன்று வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "சிமெண்ட் பேந்துடும்னு ஏங்க சொன்னீங்க?" பயமாக இருந்தது, அதனால்தான் என்றேன். அவள் ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பயம் இல்ல. நான் படுத்துக் கெடந்தது உங்களுக்குப் புடிச்சிருந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வந்ததா என்று கேட்கிற அதே குரல். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்தது. முப்பத்தெட்டு வருஷம் என்னிடம் அவள் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை அவள் அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

உனக்கு மகள் பிறந்து நான்கு வருஷம் ஆகிறது. போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை ஓடிவந்து உன் மனைவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உன் முகம் ஒரு நொடி சுருங்கியது. வேறு யாரும் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும், அது என் முகம். வெட்கப்படாமல் அன்றன்றைக்கே உன் மனைவியிடம் சொல்லிவிடு. எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். சிரித்துவிட்டுக் கொடுப்பாள். நான் கேட்காமலே இருந்து, உன் அம்மாவின் எலும்பு உடைந்த பிறகு அதில் பங்கு வாங்கிக்கொண்டேன். இன்னொன்று, யாருடைய முதுகிலும் இனி நீ கால் வைக்காதே. கோயம்புத்தூரில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதே, ஊர்க்காரன் எங்கேயும் இருப்பான். ஐம்பது தாண்டின ஒரு பெண் திடீரென்று முதுகு பிடித்தது என்றால் பிடிப்பு என்று நினைக்காமல் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல். உன் மாமியாரையும் எலும்பு அடர்த்தி பார்க்கக் கூட்டிப் போ. உன் மனைவிக்கும் வயதாகும்போது தட்டு எட்டவில்லை என்றால் கேலி செய்யாமல் டாக்டரிடம் காட்டு.

உன் அம்மாவுக்கு நசுங்கின இரண்டு கட்டைகள் சரியாகிவிட்டன, மற்ற எலும்புகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, பக்கத்துக் கட்டையும் நசுங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. அதற்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, டீயும் கூடாது. அவள் டீக்கு அடம்பிடிப்பாள், கொடுத்துவிடாதே. அந்த அரை மணி நேரமும் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் மறந்துவிடுவாள். குனிந்து எதையும் தூக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கப் பார்ப்பாள், உட்கார வைத்து மடியில் கொடு. ராத்திரி எழுந்தால் விளக்கைப் போடமாட்டாள், உன் தூக்கம் கெட்டுவிடும் என்று. அதனால் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். இதையெல்லாம் உனக்கு எழுதிக் கொடுக்க லேசில் கை வரவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது என்று இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

நான் மிதிக்க விட்டதும், ஏழு வாரம் தள்ளிப் போட்டதும் தெரிந்த பிறகு நீ அவளை இங்கே விட்டு வைக்கமாட்டாய். அது தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கு அவள் இங்கே இருக்க வேண்டும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னை "இன்னாங்க" என்று கூப்பிட ஆள் கிடையாது. இருந்தாலும் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வியாழக்கிழமை நீ வந்து அவளைக் கேள், வருகிறாயா இருக்கிறாயா என்று. என் எதிரில் கேட்காதே. என் எதிரில் கேட்டால், பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாளே, பயந்துகொண்டு நான்தான் வரவில்லை என்று சொன்னாளே, அதே மாதிரி எனக்காக ஒன்றைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரமும் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்குப் பிடித்ததைத்தான் சொல்வாள். நீ கேட்டால் சொல்வாள். இதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அன்று காலை ஒன்பது மணிக்கு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் பாகூருக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவேன். அவசரப்படுத்தாமல் கேள். இருக்கிறேன் என்று சொன்னால் எனக்காகக் காத்திரு, நீ திட்ட வேண்டியதையெல்லாம் நின்று வாங்கிக்கொள்கிறேன். வருகிறேன் என்று சொன்னால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். சாவியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உன் அப்பா